பூதக்கண்ணாடியிடம் போன வண்டி

மோட்டார் சைக்கிளுக்குப் பாதுகாப்புச் சோதனை செய்து சான்றிதழ் தர அந்த ஊரில் இரண்டு இடங்கள் இருந்தன. மேட்டுத் தெருவுக்குப் பின்னால், பழைய கிடங்கை ஒட்டி ஒன்று. கீழே பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. மேலே இருந்த சோதனையாளருக்கு ஊர் வைத்த பெயர் தலையாட்டி. கீழே இருந்த அம்மாவுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்தான், இருந்தாலும் சொல்லிவிடுவது நல்லது. தலையாட்டி நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். வண்டி உள்ளே வருகிற சத்தத்தைக் கேட்டே அது நல்ல வண்டி என்று கண்டுபிடித்துவிடுவார். பூதக்கண்ணாடியோ டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். பக்கக் கண்ணாடியில் மயிரிழை விரிசல் இருந்ததென்று ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினாராம். கூடப்பிறந்த தம்பியின் வண்டியை இரண்டு முறை ஃபெயில் செய்தாராம். அதிலிருந்து தம்பி சைக்கிளுக்கு மாறிவிட்டாராம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு டீக்கடைச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது.

யாரிடம் போவது என்ற கேள்வி அன்று காலை பாலிஷ்காரரின் தலையில் வந்து விடிந்தது. அவர் மர சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். மேட்டுத் தெருவின் உச்சியில் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. வண்டி அவருடையதல்ல, மனைவியுடையது. மனைவி கீழே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏழு வருஷமாக ராத்திரி ஷிப்ட். அவள் வீடு திரும்பும்போது இவர் பட்டறையில் இருப்பார். இவர் கை கழுவிக்கொண்டு உள்ளே வரும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். கழுவும் தொட்டியில் எப்போதும் ஒற்றை டம்ளர்தான் கிடக்கும்.

"நாம ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கோம்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு" என்று ஒருமுறை அவள் சொன்னாள். அவர் சிரித்தார். அப்புறம் நாள் முழுக்க அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டுவிட்டு வரும் பகல் வேலை. காலை எட்டு முதல் மாலை நாலு. அந்த வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாக நேற்றுத்தான் கடிதம் வந்தது. சொந்த வண்டி வேண்டும், வண்டிக்கு நடப்புச் சான்றிதழ் வேண்டும், அது இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு வேலை போய்விடும். வண்டியின் சான்றிதழோ போன மாதமே செத்துப்போயிருந்தது. அப்புறம் பார்த்துக்கலாம், அப்புறம் பார்த்துக்கலாம் என்று இரண்டு பேருமே ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்குப் பூரா எனக்கு அந்த வேலைக்கான கிளாஸ் இருக்கு. நீங்கதான் வண்டியைக் கொண்டு போகணும்" என்றாள் அவள், பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே. "எங்க வேணா போங்க. அஞ்சு மணிக்குள்ள பேப்பரோட வாங்க."

"ஃபெயில் ஆயிட்டா?"

"வண்டிதானே பரீட்சை எழுதப்போகுது? நீங்க ஏன் பயப்படறீங்க?"

பரீட்சை என்றாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். அது யார் எழுதும் பரீட்சை என்பதெல்லாம் வயிற்றுக்குத் தெரியாது.

அவள் போன கையோடு மச்சான் வந்து சேர்ந்தார். மனைவிக்கு மூத்த அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கும் பாதி லிஃப்ட்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. கேட்ட விஷயத்துக்கும் கேட்காத விஷயத்துக்கும் அவரிடம் யோசனை உண்டு.

"மாப்ளே, இதுல யோசிக்க என்ன இருக்கு? தலையாட்டிகிட்ட போங்க. அஞ்சு நிமிஷம். டீ ஆறுறதுக்குள்ள பேப்பர் கைக்கு வந்துடும்."

"இல்ல மச்சான், வண்டியை ஒழுங்கா ஒருத்தர் பார்த்தா நல்லதில்லையா?"

"பார்க்கட்டும், வேணாங்கல. ஆனா பூதக்கண்ணாடி பார்த்தா, இல்லாத குத்தமும் பிறக்கும். இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. தங்கச்சி வேலை உங்களுக்கு முக்கியமா, அந்தம்மா சர்ட்டிபிகேட் முக்கியமா?"

கேள்வியை அப்படிப் போட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பாலிஷ்காரர் தலையாட்டியிடமே போவதென்று முடிவு செய்தார். உள்ளுக்குள் ஏதோ ஒன்று முனகியது. அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ளாததற்கு ஒரு காரணம், அவர் கைக்கு அப்போது வேறு வேலை வந்துவிட்டது. அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மேசையோ நாற்காலியோ, எந்தச் சாமானும் கடைசிக் கை வைக்காமல் வாசலைத் தாண்டாது. கடைசிக் கை என்றால், தேன்மெழுகையும் டர்பன்டைனையும் அவரே ஒரு கணக்கில் கலந்து வைத்திருக்கும் மெழுகைத் துணியில் தொட்டு, சாமான் முழுக்க ஒரு முறை தேய்த்து விடுவது. வாடிக்கையாளர் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். இருபது வருஷமாக எதையும் அப்படியே கொடுத்து அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர். வண்டியை மட்டும் எப்படி அழுக்கோடு பரீட்சைக்கு அனுப்புவார்?

பெட்ரோல் டாங்கியைத் தேய்த்தார். மட்காட்டைத் தேய்த்தார். ஹெட்லைட் வளையம், கைப்பிடி, சைலன்ஸர் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே கீழே வந்தவர், முன்சக்கரத்தின் நடுவே தட்டு மாதிரி ஒரு வட்டம் இருப்பதைப் பார்த்தார். ஒரு மாதம் வண்டி நின்றதில் அதன்மேல் லேசாகத் துரு பூத்திருந்தது. மற்றதெல்லாம் ஜொலிக்கும்போது அது மட்டும் குளிக்காத பிள்ளை மாதிரி இருந்தது. அதற்கும் ஒரு கை வைத்தார். இரண்டு பக்கமும், ஓட்டைகளுக்குள் துணியின் முனையை விட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, பொறுமையாக. வட்டம் வெள்ளித் தட்டாகிவிட்டது. அவருக்கே திருப்தியாக இருந்தது. துணியை மடித்து வழக்கம்போல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

தலையாட்டியின் இடத்துக்கு மேட்டிலேயே சமதளமாகப் பத்து நிமிஷ ஓட்டம். பாலிஷ்காரர் எப்போதும் ஆமை வேகத்தில் போகிறவர். பிரேக் போடுவதென்றால் காலால் மட்டும்தான் போடுவார். கையால் பிடித்தால் வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும் என்று யாரோ சின்ன வயதில் சொல்லி வைத்ததை இன்றுவரை பத்திரமாக வைத்திருந்தார்.

தலையாட்டி ஊர் சொன்னபடியே நாற்காலியில் இருந்தார். சின்ன அறை, மேசை, மின்விசிறி, முத்திரைப் பெட்டி. வாசலில் நின்ற வண்டியை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்.

"பளபளன்னு இருக்கே. புதுசா?"

"ஒன்பது வருஷம் ஆச்சுங்க."

"வச்சுக்கத் தெரிஞ்சவங்க கையில இருக்கு" என்று சொல்லித் தலையை ஆட்டினார். "ஹாரன் அடிங்க."

அடித்தார்.

"லைட்டு?"

போட்டார். தலை மறுபடியும் ஆடியது. காகிதத்தில் விளக்கு, டயர், ஸ்டீயரிங், பிரேக் என்று வரிசையாக இருந்த கட்டங்களில் மேலிருந்து கீழே ஒரே கோடாக டிக் இறங்கியது. முத்திரை விழுந்தது. மச்சான் சொன்னது பொய்யில்லை, டீ வாங்கியிருந்தால் ஆறியிருக்காது.

காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பாலிஷ்காரருக்குக் காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இதற்குப் போய் இவ்வளவு பயந்தோமே என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் கையில் கொடுத்துவிடலாம் என்று வண்டியை மேட்டுத் தெருவின் சரிவில் விட்டார்.

மேட்டுத் தெருவின் சரிவு சாதாரணமானதல்ல. உச்சியிலிருந்து கீழே கடைவீதி வரை ஒரே இறக்கம். இறங்கி முடியும் இடத்தில் நாற்சந்தி. பாதி இறங்கியபோது ஒரு கைவண்டிக்காரர் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். பாலிஷ்காரர் காலை அழுத்தினார். பின்சக்கரம் உருளாமல் வழுக்க ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, பயத்தில், கைப்பிரேக்கையும் சேர்த்து இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. முன்சக்கரம் பாட்டுக்குச் சுழன்றது. பிரேக் என்ற ஒன்று அந்த வண்டியில் இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. கைவண்டிக்காரரை ஒரு சாண் இடைவெளியில் தாண்டி, நடைபாதையில் ஏறி, மெத்தைக் கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த பஞ்சு மெத்தைகளுக்குள் வண்டி புகுந்து நின்றது.

கடைக்காரர் வெளியே வந்தார். மேலும் கீழும் பார்த்தார். மனிதனுக்கும் வண்டிக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"மெத்தை வேணும்னா வாயாலயே கேட்டிருக்கலாமே" என்றார்.

பாலிஷ்காரர் மன்னிப்புக் கேட்டு, மெத்தைகளைத் தூக்கி நிறுத்தி, வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நின்றார். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. அவர் எப்போதும் காலால் பிரேக் போடுகிறவர். மனைவியோ கையால் போடுகிறவள். மச்சான் அப்படித்தான் அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். நாளைக் காலை ஏழே முக்காலுக்கு, மருந்துப் பையை மாட்டிக்கொண்டு, இதே சரிவில், அந்தக் கையை நம்பித்தான் அவள் இறங்கப் போகிறாள்.

சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பிரேக் என்ற கட்டத்தில் டிக் அழகாக இருந்தது.

மச்சானுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே மாப்ளே? சரி, விடுங்க. பேப்பர்தான் கையில இருக்கே. அதை முதல்ல கொடுத்துடுங்க. பிரேக்கை சாயங்காலமா யாரையாவது வச்சுப் பார்த்துக்கலாம்."

"பிரேக் ஒண்ணு தெரிஞ்சுபோச்சு மச்சான். தெரியாதது இன்னும் எத்தனை இருக்கோ? தலையாட்டாத ஒருத்தர் இந்த வண்டியைப் பார்க்கணும்."

"பூதக்கண்ணாடிகிட்டயா? பாஸ் ஆன வண்டியைக் கொண்டு போய்? அந்தம்மா ஃபெயில் போட்டா இருக்கிறதும் போயிடும். வேலையும் போயிடும். தங்கச்சி என்னைத்தான் பிச்சு உதறுவா."

பாலிஷ்காரர் அதிர்ந்து பேசத் தெரியாதவர். அன்றும் அதிரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்க பார்க்கிற லிஃப்ட்டை இப்படித்தான் பாஸ் பண்ணுவீங்களா மச்சான்?"

முதல்முறையாக யோசனை எதுவும் சொல்லாமல் மச்சான் போனை வைத்தார்.

இவர் போனைப் பையில் போடுவதற்குள் அது மறுபடியும் அடித்தது. மனைவி. கிளாஸில் இடைவேளை.

"ஆச்சா?"

"ஆச்சு" என்றார். பிறகு, "ஆனா ஆகல" என்றார்.

"என்னங்க, ஆச்சா இல்லையா?"

"இன்னும் ஒரு இடம் பார்க்க வேண்டியிருக்கு. அஞ்சு மணிக்குள்ள வந்துடறேன்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"இறக்கத்துல வந்தேன்ல, மூச்சு வாங்குது" என்றார். இறக்கத்தில் யாருக்கும் மூச்சு வாங்காது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

வண்டியை ஓட்டத் துணிவில்லை. இரண்டு மைல் தள்ளிக்கொண்டே போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். எல்லோருக்கும் ஆமாம் என்றார்.

பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த சோதனை நிலையத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. கடைசியாகச் செய்த சோதனையின் முடிவே செல்லும். ஃபெயிலான வண்டியைச் சரிசெய்து அன்றே நாலு மணிக்குள் கொண்டுவந்தால் மறுபடி சோதிக்கப்படும். அவர் அதை மூன்று முறை படித்தார். பையில் நல்ல காகிதம் ஒன்று இருந்தது. இந்த வாசலைத் தாண்டினால் அது வெறும் காகிதம். திரும்பிப் போனால் அவளுக்கு வேலை நிச்சயம். ஏழு வருஷத்து ஒற்றை டம்ளரை நினைத்தார். நாற்சந்தியையும் நினைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வண்டியை உள்ளே தள்ளினார்.

பூதக்கண்ணாடி அவர் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியான அம்மா. சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, காதில் சிவப்புப் பேனா. கம்ப்யூட்டரில் வண்டி எண்ணைத் தட்டியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வண்டி இன்னிக்குக் காலையிலதானே பாஸ் ஆயிருக்கு?"

"ஆமாங்க மேடம்."

"பின்னே இங்க என்ன வேலை?"

"பிரேக் பிடிக்கல மேடம். அதான் கொண்டாந்தேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பதினாறு வருஷமா இங்க இருக்கேன். ஃபெயில் ஆன வண்டியைப் பாஸ் பண்ணச் சொல்லி ஆயிரம் பேர் வந்திருக்காங்க. பாஸ் ஆனதோட வந்து நிக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்."

பிறகு வேலைதான். டயரின் பள்ளங்களை அளந்தார். செயினைத் தூக்கி விட்டுப் பார்த்தார். கைப்பிடியை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார். ஊர் சொன்னபடியே டார்ச்சோடு தரையில் படுத்தார். பாலிஷ்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். ஒவ்வொரு முறை அவர் "ம்" என்று சொல்லும்போதும் இவருக்கு உயிர் போய் வந்தது. கடைசியாக முன்சக்கரத்தை உருளைகள் மேல் ஏற்றி, சுற்றவிட்டு, கைப்பிரேக்கை இழுத்தார். சுவரில் இருந்த அளவுக் கருவியின் முள் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

அந்த அம்மா குனிந்து வட்டத் தட்டைப் பார்த்தார். விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"மேசைக்குப் போடுற மெழுகு வாசனை வருது."

பாலிஷ்காரர் தன் விரலை மோந்து பார்த்தார். அதே வாசனை.

"எங்க வீட்டு அலமாரியும் இதே வாசனைதான் அடிக்கும். நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

சொன்னார். காலையில் கடைசிக் கை வைத்ததையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கிக்கொண்டு வந்தது. அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் பிரேக்கின் வேலை. பிடிக்க வேண்டிய இடத்தில், பிடி நழுவும்படி, பொறுமையாக, ஓட்டை ஓட்டையாக, தன் கையாலேயே மெழுகைத் தேய்த்து வைத்திருக்கிறார்.

"மத்தது எல்லாமே சரியா இருக்கு" என்றார் அந்த அம்மா. "நல்ல வண்டி. இதைத் தொடாம, தூசியோட கொண்டாந்திருந்தீங்கன்னா கால் மணி நேரத்துல போயிருப்பீங்க."

காதிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து பிரேக் என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். பாலிஷ்காரரின் பையில் இருந்த காகிதம் அந்த நிமிஷத்தோடு செத்தது.

"தட்டைச் சுத்தமா துடைக்கணும். உள்ள இருக்கிற ரெண்டு பிரேக் கட்டையும் மெழுகைக் குடிச்சிருக்கும், அதைப் புதுசா மாத்தணும். கட்டை எதிர்க்கடையில கிடைக்கும். நான் ஸ்பானரைத் தொடக்கூடாது, அது விதி. அந்த நிழல்ல வச்சு நீங்க பண்ணிக்கலாம். மணி இப்ப ரெண்டே கால். நாலு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவேன்."

அவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. போனை எடுத்தபோது வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். தோளில் கருவிப் பை. முகம் காலையில் இருந்ததை விடச் சின்னதாக இருந்தது.

"லிஃப்ட்டைச் சொன்னீங்கல்ல மாப்ளே. அதுக்கப்புறம் வேலையே ஓடல" என்றார்.

இவர் எதிர்க்கடைக்கு ஓடிக் கட்டைகளும் ஒரு குப்பி ஸ்பிரிட்டும் வாங்கி வருவதற்குள் மச்சான் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தார். வெளியே எடுத்த பழைய கட்டைகள் எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் மாதிரி மினுமினுத்தன. மச்சான் அவற்றைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளையைக் கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஆயுசில் கிடைக்காது. ஆனால் தலையாட்டியிடம் அனுப்பியது யார் என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

ஸ்பிரிட் பாலிஷ்காரரின் சொந்தச் சரக்கு. எந்த மெழுகை எவ்வளவு ஊற்றினால் கரையும் என்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். குப்பியைத் திறந்தார், சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்தார், ஸ்பிரிட்டில் நனைத்தார், தட்டுக்குக் கொண்டுபோனார்.

"அது எந்தத் துணி?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பூதக்கண்ணாடி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலிஷ்காரர் கையைப் பார்த்தார். காலையில் மெழுகு தேய்த்த அதே துணி. இருபது வருஷப் பழக்கத்தில் கை அதுபாட்டுக்கு எடுத்திருந்தது. மச்சான் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, தன் புதுக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். துணியை அந்த அம்மாவே இரண்டு விரலால் வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

பாலிஷ்காரர் தட்டை மூன்று முறை துடைத்தார். நாலாவது முறை கைக்குட்டையின் சுத்தமான முனையால் துடைத்து, முனை வெள்ளையாகவே இருப்பதை அந்த அம்மாவிடம் காட்டினார். மச்சான் புதுக் கட்டைகளைப் பொருத்தி, கைப்பிரேக்கைப் பத்துத் தடவை அழுத்தி விட்டு, நிலையத்து முற்றத்திலேயே வண்டியை ஓட்டி ஓட்டி நிறுத்தினார். புதுக் கட்டை தட்டோடு பழக வேண்டுமாம். வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தபடி பாலிஷ்காரர் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். மூன்றே முக்காலாகி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

மறுபடியும் உருளை. மறுபடியும் அந்த அம்மா கைப்பிரேக்கை இழுத்தார். சுவரில் முள் துள்ளி எழுந்து, பச்சைக் கோட்டைத் தாண்டி நின்றது. இன்னொரு முறை இழுத்தார். இன்னொரு முறையும் நின்றது.

சிவப்புப் பேனாவைக் காதில் செருகிவிட்டு, கோட்டின் உள்பையிலிருந்து நீலப் பேனா ஒன்றை எடுத்தார். அவரிடம் நீலப் பேனாவும் உண்டு என்று ஊரில் யாரும் சொன்னதில்லை.

"மெழுகை மரத்தோட வச்சுக்கங்க" என்று காகிதத்தை நீட்டினார். பிறகு, "எங்க வீட்டு அலமாரி மங்கிப்போச்சு. ஒரு நாள் வந்து பாருங்க" என்றார்.

பாலிஷ்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. ஸ்பிரிட் நெடி என்று மச்சானிடம் சொல்லிச் சமாளித்தார்.

நாலரைக்கு ஆஸ்பத்திரி அலுவலகத்தின் முன்னால் மனைவி வாசலையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கிப் படித்தாள். சிவப்புக் கோட்டையும் அதற்குக் கீழே நீலக் கையெழுத்தையும் பார்த்தாள். மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் காகிதத்தைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் கேட்டாள்.

"இப்ப சொல்லுங்க."

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். தலையாட்டி, சரிவு, மெத்தைக் கடை, மெழுகு எல்லாம். மெழுகு வந்த இடத்தில் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதற்கா வேறெதற்கா என்று அவருக்குத் தெரியவில்லை.

"பாஸ் ஆன பேப்பரை வச்சுக்கிட்டா அந்தம்மாகிட்ட போனீங்க?"

"நீ கைப்பிரேக்தானே பிடிப்பே" என்றார்.

அவள் அவர் சட்டைப்பையில் கையை விட்டுத் துழாவினாள். துணி இல்லை என்று உறுதியான பிறகு கையை எடுத்தாள்.

"இனிமே என் வண்டியைத் தொட்டீங்கன்னா உங்க கையைக் கட்டிப் போட்டுடுவேன். கட்டுப் போடறது எனக்குத் தொழில்" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். "உன்கிட்ட வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்."

மறுநாள் காலை அவள் வண்டியை எடுத்தபோது அதன்மேல் லேசாகத் தூசி இருந்தது. பாலிஷ்காரருக்குக் கை துறுதுறுத்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல் கேட்டருகில் நின்றார். அவள் மருந்துப் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் பட்டையை இழுத்து, சரிவில் இறங்கினாள். மெத்தைக் கடையைத் தாண்டினாள். நாற்சந்தியில் குறுக்கே ஒரு லாரி வந்தது.

பின்விளக்கு சிவந்தது. வண்டி நின்றது. கோட்டைத் தாண்டாமல், இப்படி அப்படி ஆடாமல், நின்றது. லாரி போன பிறகு அவள் கையை நீட்டி வலப்பக்கம் திரும்பிப் போனாள்.

பாலிஷ்காரர் பின்னால் கட்டிக்கொண்டிருந்த கை எப்போது கேட்டுக் கம்பிக்கு வந்ததென்று தெரியவில்லை. பிரேக்கை இழுப்பது போல நாலு விரலும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். உள்ளே போய் டீ குடித்த டம்ளர்களைத் தொட்டியில் போட்டார். இரண்டு டம்ளர்கள்.